மத்தியானப் பிளேன்

ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு அளவுத்திட்டம் படிப்பிக்கும்போது வருடா வருடம் ஒரு பயிற்சி செய்விப்பேன். அட்லஸை விரித்து, அடிமட்டத்தின் பூச்சியத்தை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வைத்து, சுற்றியுள்ள விமான நிலையங்களுக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா 290 கிலோமீற்றர் அளவில் வரும். சென்னை 350 சொச்சம். திருச்சிக்கு அளந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்புக் கிளம்பும். பிழையாக அளந்துவிட்டோமோ என்று பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பார்கள். பிழையில்லை, 185தான். கோட்டைப் பென்சிலால் கீறிப் பார்த்தால் காங்கேசன்துறைப் பக்கமாகக் கடலில் இறங்கி, அதிராம்பட்டினத்துக்குக் கிட்டக் கரையேறி, பட்டுக்கோட்டையை உரசிக்கொண்டு திருச்சிக்குப் போகும். பாதிக் கோடு தண்ணீர், பாதி நிலம். எங்கள் தலைநகரத்தை விட வெளிநாட்டு நகரம் ஒன்று நூறு கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுபிடிக்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியை வைத்திருக்கிறேன்.

இந்த முறை பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன் கேட்டான். "அப்ப பக்கத்து வீடு மாதிரித்தானே சேர்? இப்ப பிளேனும் ஓடுது. ஒரு மணித்தியாலம்." முந்தி யாரும் இப்படிக் கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். இந்த முறை ஓம் என்று வாய் வரவில்லை, இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடுதான் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. போன கிழமை பூராவும் அதை யோசித்தேன். இப்போது எழுதுகிறேன்.

எட்டுச்செலவு

என் பெரியம்மா திருச்சியில் இருக்கிறார். அம்மாவின் ஒரே அக்கா. 1990க்குப் பிறகு, இந்தப் பிளேன் ஓடத் தொடங்கும் வரைக்கும், இரண்டு பேரும் நேரில் கண்டது இரண்டே தரம்தான். முதல் தரம் 2003இல், பெரியம்மாவின் மகளின் கலியாணத்துக்கு. ஏ9 பாதை திறந்திருந்த காலம் அது, சந்தோசமான பயணம். இரண்டாம் தரம் 2011இல், பெரியப்பா செத்தபோது.

அந்த இரண்டாம் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை விடியப்புறம் ரெலிபோன் வந்தது. பெரியப்பாவை அடுத்த நாளே எடுத்துவிடுவார்கள் என்று பெரியம்மாவின் மகன், என் அண்ணா, சொன்னார், அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. நாங்கள் விசாவுக்கு அலைந்து முடிக்க நான்கு நாள் போனது. பிறகு இரவு பஸ். வவுனியா, மதவாச்சி, புத்தளம் என்று விடிய விடிய ஓடிக் கொழும்பில் இறங்கினோம். ஒரு உறவுக்காரர் வீட்டில் முகம் கழுவி, ஒரு பகல் காத்திருந்து, கட்டுநாயக்காவில் பிளேன் ஏறினோம். அம்மா வழிமுழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் தெற்கே போகப் போக, போகவேண்டிய இடம் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது என்ற உணர்வு எனக்கு மட்டும்தான் இருந்ததோ தெரியாது. நான் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவன். வரைபடம் கண்ணுக்குள்ளே விரிந்துதான் கிடந்தது. தெற்கே 400 கிலோமீற்றர் தரையால் இறங்கி, பிறகு அதே 400 கிலோமீற்றரையும் ஆகாயத்தால் வடக்கே ஏறி, புறப்பட்ட வீட்டிலிருந்து 185 கிலோமீற்றரில் இருக்கிற ஒரு இடத்துக்குப் போகிறோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு முதல்நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா வாசலில் நின்றார். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. ஏழு நாளும் அழுது முடித்திருந்தார். "வந்திட்டியே," என்று மட்டும் கேட்டார். ஒப்பாரி சொல்லி அழக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு செத்தவீடு நடந்து முடிந்திருந்தது. எட்டுக்குப் படைக்க மரக்கறி அரிந்துகொண்டிருந்தபோது அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அழுதார். அந்த அழுகைக்கு அப்போது துணை சேர அங்கே ஒருத்தரும் இருக்கவில்லை, மற்றவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூரம் என்பது கிலோமீற்றரில் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரம் கிலோமீற்றரில்தான் இருக்கிறது. அந்த 185ஐ யாரும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 1990இலும் அது 185தான், 2011இலும் 185தான். கிட்ட இருந்த ஒரு இடத்துக்கு நேராகப் போக விடாமல், மனிசர்தான் எங்களைச் சுற்ற வைத்தார்கள்.

உலைக் கணக்கு

எங்கள் வளவு வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடையில், விமானத்தளத்தின் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. செம்மண் காணி. அம்மப்பா புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் செய்தார். தளத்தை இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அது பொதுப் பயணத்துக்கு வந்தது. எயார் சிலோன் தன்னுடைய முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து தொடங்கி, இங்கே இறங்கி ஏறித்தான் சென்னைக்குப் போனது. அந்த நாளில் இதைக் காங்கேசன்துறை எயார்போட் என்றுதான் சொல்வார்கள். பிறகு திருச்சிக்கும் பிளேன் ஓடியது. அம்மாவின் தாய்மாமன் ஒருவர் காலையில் வேட்டி சால்வையோடு பிளேன் ஏறி, சீரங்கத்தில் கும்பிட்டுவிட்டு, கலியாணக் கூறைக்குத் துணி பார்த்துக்கொண்டு வந்த கதை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சொல்லப்பட்ட கதை. அதைச் சொல்லும்போது அம்மா அதிசயம் போலச் சொல்ல மாட்டார். சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலத்தான் சொல்வார். அந்தத் தலைமுறைக்கு அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சின்ன வயதில் வீட்டில் மணிக்கூடு ஒன்றுதான், அதுவும் அம்மப்பாவின் அறைக்குள். குசினியில் நேரம் பார்த்தது பிளேன் சத்தத்தில். பிளேன் இறங்குகிற சத்தம் கேட்டால் அம்மம்மா உலையை வைக்கச் சொல்லுவாராம். அது திரும்பக் கிளம்புகிற சத்தம் கேட்டால் சோறு வடிக்கிற பதம். பெரியவள் அரிசி கழுவ, சின்னவள் அடுப்புக்குப் பன்னாடையும் பொச்சுமட்டையும் கொண்டுவந்து போட வேண்டும். பிளேன் பிந்திய நாட்களில் சோறு குழைந்தது என்று அம்மா சிரிப்பார்.

1983க்குப் பிறகு யுத்தத்தில் நடந்ததை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் எங்கள் வலிகாமம் வடக்கின் (வலி.வடக்கு) பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. நாங்கள் மல்லாகத்துக்குப் போனோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று ஆட்டைக்கூடக் கட்டிவிட்டுத்தான் வந்தோம். பெரியப்பா மட்டும் இது ஒரு கிழமையில் முடிகிற அலுவல் இல்லை என்று சொன்னார். மன்னாருக்குப் போய்ப் பேசாலையில் வள்ளம் ஏறினார்கள். தனுஷ்கோடி மணலில் இறக்கிவிடப்பட்டு, மண்டபத்தில் பதிந்து, கடைசியில் திருச்சிக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டப்பட்டு அகதி முகாம்.

கோட்டப்பட்டு திருச்சி விமான நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இதை முதன்முதலாகக் கவனித்தபோது நான் பாடசாலை ஆசிரியர் அறையில் இருந்தேன். கையில் இருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெரியம்மா பிறந்தது கோட்டின் இந்த முனையில். இப்போது இருப்பது அதே கோட்டின் மற்ற முனையில். ஒரு ஓடுபாதையின் ஓரத்திலிருந்து துரத்தப்பட்டுப்போய் இன்னொரு ஓடுபாதையின் ஓரத்தில் 35 வருடம் இருந்திருக்கிறார். ஆகாயத்தால் பார்த்தால் அவர் வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு நேர்கோடு.

ஜன்னலோரம்

பலாலி 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைக்கு அலையன்ஸ் எயார் ஓடத் தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா வந்து நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் திகதி இண்டிகோ திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் தினமும் ஓடத் தொடங்கியது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா பேப்பரை மடித்து சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார்.

ஆவணியில் போனோம். அம்மாவுக்கு 74 வயது. போவதற்கு இரண்டு கிழமை முந்தியே வீட்டில் மிளகாய்த்தூள் வறுக்கிற மணம் தொடங்கிவிட்டது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கருவேப்பிலை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லுக்குக் கொடுக்காமல் உரலில் இடித்தார். திருச்சியில் எல்லாம் வாங்கலாம் அம்மா என்றேன். "அங்க வறுக்காமல் திரிக்கிறவை," என்றார். புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் நல்லெண்ணெய். பையைக் கொழுக்கித் தராசில் தூக்கிப் பார்ப்பதும், இரண்டு கிலோ கூடிவிட்டது என்று நான் சொல்வதும், அவர் தன் சேலையில் ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி தூக்கச் சொல்வதுமாக ஒரு முழு இரவு போனது. கடைசியில் அவருடைய உடுப்பென்று போனது மாற்றுச் சேலை மூன்றே மூன்று.

ஓடுகிறது ஏடிஆர் 72. சுழலி வைத்த சின்னப் பிளேன், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகள், பின்கதவால் ஏற வேண்டும். இதன் சிறகு உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் ஜன்னலிலிருந்து கீழே பார்க்க ஒரு மறைப்பும் கிடையாது. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஜன்னலோரத்தில் அவரை இருத்தினேன். பெல்ட்டை இறுக்கிவிட்டு, கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிளேன் ஓடி எழும்பியதும், "அம்மா, கண்ணைத் திறவுங்கோ," என்றேன்.

கீழே செம்மண். நேர்நேராக வெட்டின தோட்டத் துண்டுகள், வாழை, தண்ணி இறைக்கிற இடத்தில் கரும்பச்சை. இராணுவத்தின் வேலி ஒன்று. வேலிக்கு உள்ளே அதே செம்மண்ணின் மேல் பற்றைக்காடு. காட்டுக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூரையில்லாத சுவர்கள், மேலேயிருந்து பார்க்கப் பிள்ளைகள் தரையில் கீறி விளையாடுகிற கட்டங்கள் மாதிரி. ஒரு கிணறு. வட்டமாக, கறுப்பாக, நடுவில் வானம் ஒரு பொட்டு மின்னியது. அம்மாவின் விரல் கண்ணாடியில் பட்டது. இதுதான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் கிணறாக இருக்கலாம், பக்கத்து வளவுக் கிணறாகவும் இருக்கலாம். 35 வருடமாகக் காலால் போய் நிற்க முடியாத காணியை அம்மா ரிக்கெற் வாங்கி ஆகாயத்திலிருந்து பார்த்தார். பத்துச் செக்கன்கூட இல்லை. பிறகு காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அணைக்கல், பிறகு கடல்.

கடல் சலிக்கிறதுக்குள் முடிந்துவிட்டது. அதுதான் என்னை ஆட்டியது. இந்தக் கடலைப் பற்றி எத்தனை கதை கேட்டிருக்கிறேன். வள்ளம் கவிழ்ந்த கதை, இரவில் பிள்ளை அழாமல் இருக்க வாயைப் பொத்தின கதை, மணல்திட்டியில் இறக்கிவிட்டுப் போன கதை. பெரியம்மா கடந்து வந்தபோது அது ஒரு முழு இரவு. அவருடைய மகள், என் பெரியக்காவுக்கு, அன்றைக்கு எட்டு வயது, பேசாலையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் தாயின் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டே வந்தவர். நான் தண்ணி கேட்டு, தண்ணி வந்து, போத்தலைத் திறந்து குடிக்கிறதுக்குள் அடுத்த கரை வந்துவிட்டது. உப்பளம், சேற்றுக்கரை, பிறகு தென்னந்தோப்பு. "முடிஞ்சுதே?" என்று அம்மா கேட்டார். "உந்தத் தூரத்துக்கோ நாங்கள் கொழும்புக்குப் போய்ச் சுத்தினனாங்கள்?" குரலில் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. கணக்கில் பிழை விட்டுவிட்ட பிள்ளை ஆசிரியரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அட்டவணையில் ஒரு மணித்தியாலம். உண்மையில் ஆகாயத்தில் இருக்கிறது அதைவிடக் குறைவு. திருச்சியின் புதிய முனையத்தைச் சீரங்கத்துக் கோபுரத்தை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மா வாசலில் திரும்பி நின்று அண்ணாந்து பார்த்து, செருப்பைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணா ஆட்டோவோடு நின்றார். மண்ணெண்ணெய் அடுப்பில் மீன்குழம்பு கொதித்து முடிவதற்குள் நாங்கள் கோட்டப்பட்டில் இருந்தோம்.

"ஒருக்கா வாவன் அக்கா"

மூன்று நாள் நல்லாகத்தான் போனது. பெரியம்மாவுக்கு 79 வயது. முழங்கால் இரண்டும் மடிய மறுக்கிறது. அதைவிட்டால் ஆள் திடமாகத்தான் இருக்கிறார். அம்மா கொண்டுபோன தூளை மோந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போய்க் குழம்பு வைத்தார். இரண்டு பேரும் ராத்திரி முழுக்கக் கதைத்தார்கள். யார் யார் செத்தது, யார் யார் கனடா போனது, யாருடைய பிள்ளை யாரைக் கலியாணம் செய்தது. பெயர் ஒன்று ஒருத்திக்கு மறந்தால் மற்றவள் எடுத்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம். ஒரு மணியளவில், வானத்தில் அந்தச் சுழலிச் சத்தம் கேட்டது. பெரியம்மா குசினியிலிருந்து வாசலுக்கு வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தார். பிளேன் வெள்ளையாகத் தெரிந்தது. கிழக்கே திரும்பியது.

"அது எங்கட பிளேன்," என்றார் பெரியம்மா. "மத்தியானப் பிளேன். இது போற சத்தம் கேட்டுத்தான் நான் உலை வைக்கிறனான். நான் சோறு வடிக்கேக்கை அவை அங்க இறங்கியிருப்பினம்."

அம்மா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே குசினி, ஒரே அம்மம்மா நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அம்மா சொன்னார், மிகச் சாதாரணமாக, நாளைக்குக் கோயிலுக்கு வாறியோ என்று கேட்கிற மாதிரி: "அக்கா, நீயும் ஒருக்கா வாவன். ஒரு மணித்தியாலம்தானே."

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியம்மா உள்ளே போய் அரிசி கழுவத் தொடங்கினார். அண்ணாதான் மெல்லச் சொன்னார், திருச்சிப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் கலந்த அவருடைய தமிழில். "சித்தி, அம்மா போகலாம். திரும்பி வர ஏலாது."

எனக்கு இது ஏதோ ஒரு மூலையில் தெரிந்த விசயம்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த வாசலில் நின்று அதைக் கேட்பது வேறு. பெரியம்மா 1990இல் வள்ளத்தில் வந்தவர், பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாமல் உள்ளே வந்தவர். அவர் பிளேன் ஏற வேண்டுமென்றால் சென்னையிலிருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போட் எடுக்க வேண்டும். அதற்கு முந்தியே எரிந்துபோன வீட்டோடு எரிந்த பிறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும். இந்தியப் பக்கத்தில் வெளியேற அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி நிரந்தரமாகப் போகிறவருக்கான அனுமதி. போனால் முகாம் பதிவு அத்தோடு முடிந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபா கொடுக்கிற உதவி, வீடு, பக்கத்து வீட்டில் இருக்கிற மகன், பின்னால் நிற்கிற பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போக அவருக்கு ஒரு வழி கிடையாது.

பேரப்பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். அண்ணாவின் மூத்தவள் திருச்சியில் பிறந்து, திருச்சியில் படித்து, இப்போது அங்கேயே ஒரு கம்பனியில் கணக்கு எழுதுகிறாள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவள் இந்தியாவில் பிறந்தும் இந்தியக்காரி இல்லை, இலங்கையை ஒருநாளும் காணாத இலங்கைக்காரி. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்தும் வந்தவர்களைப் பற்றித்தான் பேசியது, ஈழத்திலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. 2025 செப்ரெம்பரில், 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று ஒரு ஆணை வந்தது. அண்ணா அதை ரெலிபோனில் சொன்னபோது குரலில் ஒரு தெளிவு இருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதற்கும் போய் வா என்பதற்கும் இடையில் இருக்கிற தூரத்தை எந்த அடிமட்டத்தால் அளப்பது?

அம்மா விடவில்லை. குசினி வாசலில் நின்று, "அப்ப ஒரேயடியாய் வாவன். எங்களோட இரு," என்றார். பெரியம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டு, அகப்பையால் ஒருதரம் கிண்டி, மூடியை அரைவாசி திறந்து வைத்தார். திரும்பாமலே சொன்னார். "எங்க வாறது தங்கச்சி? வளவு விட்டாச்சோ?"

வளவை இராணுவம் இன்னும் விடவில்லை. வலி.வடக்கில் துண்டு துண்டாகக் காணி விட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது ஊரே போய் அழுதது. எங்கள் துண்டு இன்னும் வேலிக்கு உள்ளே. நாங்கள் கோண்டாவிலில் மூன்று பரப்புக் காணியில் இருக்கிறோம். அந்த வீட்டில் அக்காவுக்கு ஒரு அறை கொடுக்க அம்மாவால் முடியும். ஆனால் பெரியம்மா கேட்டது அறையை அல்ல என்று அம்மாவுக்கும் விளங்கியது. அன்று பின்னேரம் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அதுவரைக்கும் என் மனதில் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது, அதை நம்பிக்கை என்றுகூட நான் அறிந்திருக்கவில்லை: பாதை குறுகினால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று. வகுப்பில் பிள்ளைகளை அளக்கச் சொன்னதெல்லாம் அந்த நம்பிக்கையில்தான். பாதை குறுகிவிட்டது. 800 கிலோமீற்றர் 185 ஆகிவிட்டது. எங்களுக்கு மட்டும். கையில் பாஸ்போட் உள்ள தங்கச்சி அக்காவிடம் போகலாம். அக்கா தங்கச்சியிடம் வர முடியாது. ஓடுபாதை எந்தப் பக்கத்தாலும் ஏறலாம் என்றுதான் போடப்பட்டது. எங்கள் குடும்பத்துக்கு அது ஒருவழிப்பாதை.

இன்னொன்றும் அன்றுதான் எனக்கு உறைத்தது. தூரமாக இருந்த காலத்தில் போகாமல் இருந்ததற்குத் தூரமே காரணமாக இருந்தது. பெரியப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதற்கு அம்மா யாரையும் நோகவில்லை, தன்னையும் நோகவில்லை. தூரம், என்ன செய்வது என்றார். இப்போது அந்தச் சொல் போய்விட்டது. ஒரு மணித்தியாலத்தில் இருக்கிற அக்காவை இந்த மாதமும் போய்ப் பார்க்காமல் விட்டால் அதற்குக் காசு, முழங்கால், விசா, மழை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தைத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்ததிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் மத்தியானம் கணக்குப் பார்க்கிறார், அடுத்த ரிக்கெற்றுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று. கிட்ட இருப்பதற்கு இப்படி ஒரு பாரம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பிளேன் விட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது ஓடவேண்டும், தினமும் ஓடவேண்டும், நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் ஓடவேண்டும். 35 வருடத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய காரியம் இது. ஆனால் இரண்டு அரசாங்கமும் ரிப்பன் வெட்டுகிற இடத்தில் சொல்கிற அந்தப் பழைய உறவு, தொப்புள்கொடி என்கிற சொற்களைக் கேட்கும்போது எனக்குக் கோட்டப்பட்டு வாசல்தான் நினைவுக்கு வருகிறது. அந்த முகாமில் இருக்கிற வயதானவர்களுக்கு ஒரு மாதம் போய்விட்டு வரலாம் என்று எழுதின ஒரு கடதாசி போதும். அவர்கள் ஓடிவிடப் போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஊரில் ஒரு கோயிலைக் கும்பிட்டு, செத்தவர்களின் பெயரைச் சொல்லி ஒருதரம் அழுது, கிணற்றுத் தண்ணீரில் ஒருதரம் முழுகிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கிணறு வேலிக்கு வெளியே வர வேண்டும் என்பது அடுத்த பக்கத்துக் கடதாசி. இரண்டையும் ஒரே நாளில் கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் இரண்டையும் கேட்கிறேன்.

நாங்கள் வெளிக்கிட்ட அன்று பெரியம்மா எயார்போட்டுக்கு வரவில்லை. முழங்கால் நோவு என்றார். வாசலில் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "பிளேன் போகேக்கை உலை வைப்பன்," என்று மட்டும் சொன்னார்.

எழும்பியபோது அம்மா எனக்கு முன்னால் சாய்ந்து ஜன்னலில் நெற்றியை வைத்தார். கூரைகள்தான் தெரிந்தன, ஒரே மாதிரியான கூரைகள். எந்த வாசலில் யார் நிற்கிறார் என்று பார்க்க முடியவில்லை. அம்மா அந்தக் கூரைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு தோப்பு, சேறு, கடல், அணைக்கல், செம்மண். சில்லு ஓடுபாதையில் பட்டு, பிளேன் நின்று, முன்னுக்கு இருந்தவர்கள் எழும்பிப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா எழும்பவில்லை. "தம்பி, அக்காவுக்கு எடு," என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது மணியில் பெரியம்மா எடுத்துவிட்டார், கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"அக்கா, இறங்கியாச்சு. சோறு வடிச்சாச்சோ?"

ஸ்பீக்கரில் அடுப்புச் சத்தமும் அதற்குப் பின்னால் மூடி தடதடக்கிற சத்தமும் கேட்டது.

"இல்லையடி," என்றார் பெரியம்மா. "அரிசி இன்னும் அவியேல்லை."